கட்டி சுருங்கியதா, செத்ததா?

புற்றுநோய்க் கட்டி மருந்துக்குப் பணிந்ததா என்பதை அளந்தே தீர்மானிக்க வேண்டும் என்பதில் வைத்தியர்களுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை. எதை அளப்பது என்பதில்தான் விவகாரம். ஸ்கேன் இயந்திரங்கள் பரவாத காலத்தில் கையால் தடவிக் கண்டதே பெரும்பாலும் அளவு. அந்தக் கையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அறிய விரும்பிய மோர்டெல், ஹான்லி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், 12 உருண்டைகளை மெத்தைமேல் வைத்து, ரப்பர் நுரைத் தகட்டால் மூடி, தேர்ந்த 16 புற்றுநோய் வைத்தியர்களை அளக்கச் சொல்லி, 1976-ல் வெளியிட்ட முடிவு அத்தொழிலின் கர்வத்தைச் சற்று அடக்கியிருக்க வேண்டும்: ஒரே உருண்டைக்கு ஆளுக்கோர் அளவு கிடைத்தது.

இத்தகைய பிழைக்கு இடம் விட்டே, குறுக்களவு இரண்டின் பெருக்குத்தொகை பாதியானால்தான் சிகிச்சை பலித்தது என்ற கணக்கு வேரூன்றியது. 1979-ல் உலகச் சுகாதார நிறுவனமும் அதை ஏற்றது. 2000-ல் வந்த ‘ரெசிஸ்ட்’ பிரமாணம் நீண்ட விட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, 30 சதவீதம் குறைந்தால் பலன், 20 சதவீதம் கூடினால் தோல்வி என்றது. விட்டம் 10-லிருந்து 7 ஆனால், 100-ஆக இருந்த பெருக்குத்தொகை 49 ஆகிவிடும். ஆகவே பழைய பாதிக் கணக்கே வேஷம் மாற்றி வந்தது என்னலாம்.

கல்லீரலில் இந்த விதி தடுமாறிற்று. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் சிரை வழியாக வந்துசேர, அங்கேயே பிறக்கும் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனியின் இரத்தத்தை உண்டே வளர்கிறது. ஆதலால், தொடை இடுக்கின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அத்தமனியின் கிளையில் மருந்தைப் பாய்ச்சி அதை அடைத்துவிட்டால், கட்டி பட்டினியால் மடியும்; ஆனால் மடிந்த பிண்டம் உடனே கரைவதில்லை. உள்ளே முழுவதும் செத்துப்போன கட்டியை அளந்து, ‘மாற்றமில்லை’ என்று எழுதுவது அளவுகோலுக்கு நியாயமாகலாம், நோயாளிக்கு அநியாயமே. கல்லீரல் புற்றுக்குத் தரும் சொராஃபெனிப் என்ற மாத்திரையின் சரித்திரமும் இதையே காட்டும்: 2008-ல் வெளியான பரிசோதனையில், அதை உண்டவர்களில் கட்டி விதிப்படி சுருங்கியவர் 2 சதவீதமே, எனினும் நடுத்தர ஆயுள் 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக நீண்டது.

2010-ல் லென்சியோனி, யோவெட் என்ற இருவர் விதியைத் திருத்தினார்கள். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கையில், அந்த ஊசிமருந்து தமனியில் ஓடும் சில விநாடிகளில் எந்தப் பகுதி ஒளிர்கிறதோ அதுவே உயிருள்ள கட்டி. அதன் விட்டத்தை மட்டும் அளந்தால் போதும் என்பது அவர்கள் முடிவு. என் அபிப்பிராயத்தில் இது சரியான திருத்தம். ஆனால் சர்வரோக நிவாரணி அன்று. தமனியை அடைக்கையில் செலுத்தும் லிப்பியோடால் என்ற எண்ணெய் சி.டி. ஸ்கேனில் தானே வெண்மையாகத் தெரிந்து கண்ணை ஏமாற்றும், அங்கே எம்.ஆர்.ஐ. உதவும். பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளோ பொதுவாக அவ்வாறு ஒளிர்வதில்லையாதலால், அவற்றுக்குப் பழைய ரெசிஸ்ட் விதியே வழக்கில் இருக்கிறது.

ஆகவே, வீட்டில் யாருக்கேனும் கல்லீரல் தமனியை அடைக்கும் சிகிச்சை நடந்தால், பழைய ஸ்கேன் படங்களையும் குறுந்தகடுகளையும் பத்திரப்படுத்துங்கள். ‘அளவு குறையவில்லை’ என்று அறிக்கை வந்தால், மனமுடையுமுன், அளந்தது முழுக் கட்டியையா, உயிருள்ள பகுதியையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.