50 மீட்டர் ரைபிள்: வீரர்கள் தோட்டாக்களைச் சோதித்து வாங்குவது ஏன்?

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 1 அன்று ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அதற்கு 12 ஆண்டுகள் முன்பு, லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் படுத்த நிலைப் பிரிவில் ஜாய்தீப் கர்மாகர் நான்காம் இடம் பெற்றார். 70 முறை சுட்ட பிறகு, வெண்கலத்திற்கும் அவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 1.9 புள்ளிகள் மட்டுமே.

இவ்வளவு நுண்ணிய வேறுபாடுகளால் முடிவாகும் விளையாட்டில், பயிற்சிக்கும் மன உறுதிக்கும் அடுத்தபடியாக வீரர்கள் கவனம் செலுத்துவது தோட்டாத் தேர்வில்தான்.

ஒரு மில்லிமீட்டரின் மதிப்பு என்ன?

50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ஒவ்வொரு வளையத்திற்கும் இடையே உள்ள தூரம் 8 மில்லிமீட்டர். அதாவது, குண்டு 0.8 மில்லிமீட்டர் விலகினால் 0.1 புள்ளி குறையும்.

போட்டித் தோட்டாவின் குண்டு ஒலியின் வேகத்திற்குச் சற்றுக் குறைவாக, நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இலக்கை அடைவதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இழுக்கிறது. வேகம் ஒரு சதவீதம் மாறினாலே இந்த இறக்கம் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் மாறும். வீரர் எந்தத் தவறும் செய்யாமலேயே 0.3 புள்ளி வரை இழக்க இதுவே போதுமானது.

வீரரே தோட்டாவைத் திருத்தி அமைக்க முடியாதா?

நெடுந்தூர ரைபிள் போட்டிகளில் அந்த வழி உண்டு. அமெரிக்கா, ஐரோப்பா உள்ளிட்ட இடங்களில் அப்பிரிவு வீரர்கள் பலர் பித்தளைக் கூட்டில் வெடிமருந்தை அளந்து இட்டு, குண்டைத் தாங்களே பொருத்துகின்றனர். குண்டு கூட்டினுள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து, அது குழலின் உட்புறச் சுருள் வரிகளைத் தொடுவதற்கு முன் தாண்ட வேண்டிய இடைவெளி மாறும். அதனுடன் அழுத்தமும், குண்டு குழலை விட்டு வெளியேறும் நேரமும் மாறும். எனவே, பாதுகாப்பான அளவுகளுக்கு உட்பட்டு, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆழத்தை மாற்றி மாற்றிச் சுட்டு, எந்த ஆழத்தில் குண்டுகள் நெருக்கமாக விழுகின்றன என்று கண்டறிகின்றனர்.

ஒலிம்பிக்கின் 50 மீட்டர் பிரிவில் இதற்கு இடமில்லை. அங்குப் பயன்படும் 5.6 மில்லிமீட்டர் தோட்டாவில் தீப்பற்றும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். அது தொழிற்சாலையில் முழுமையாக உருவாக்கப்படும் பொருள். ஆகவே, தோட்டாவைத் துப்பாக்கிக்கு ஏற்ப மாற்ற இயலாது. துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே பெயர், வெவ்வேறு தொகுதிகள்

ஒரே நிறுவனம் ஒரே பெயரில் தயாரிக்கும் தோட்டாக்களிலும் தொகுதிக்குத் தொகுதி நுண்ணிய வேறுபாடுகள் உண்டு. கலவையின் அளவு, குண்டின் எடை, அதன் மீதுள்ள மெழுகுப் பூச்சு, கூடு குண்டைப் பற்றியிருக்கும் இறுக்கம் ஆகியவை முற்றிலும் ஒன்றுபோல் அமைவதில்லை.

குழல்களும் அப்படியே. சுடும்போது ஒவ்வொரு குழலும் தனக்கே உரிய விதத்தில் அதிர்கிறது. குண்டு வெளியேறும் கணத்தில் குழல் முனை எத்திசையில் இருக்கிறது என்பதும் முடிவைப் பாதிக்கும். இதனால் ஒரு வீரருக்கு மிகச் சிறப்பாக அமைந்த தொகுதி, அதே மாதிரித் துப்பாக்கி வைத்திருக்கும் மற்றொருவருக்குச் சாதாரணமாக அமையலாம். விலை உயர்ந்த பெட்டி என்பதும் இதற்கு உத்தரவாதம் அல்ல.

சோதனை எவ்வாறு நடக்கிறது?

பிரிட்டனின் ஈலி, ஜெர்மனியில் சோதனை மையம் கொண்ட லபுவா போன்ற நிறுவனங்கள் இதற்கெனத் தனிச் சுடுதளங்களை நடத்துகின்றன. வீரரின் துப்பாக்கிக் குழல் அசையாத தாங்கியில் பொருத்தப்படுகிறது. பல தொகுதிகளிலிருந்து தோட்டாக்கள் சுடப்பட்டு, அவை விழுந்த இடங்கள் மின்னணு முறையில் பதிவு செய்யப்படுகின்றன. மனிதக் கையின் அசைவு இல்லாததால், எஞ்சும் சிதறல் முழுவதும் குழலுக்கும் தோட்டாவுக்கும் உரியது.

இங்கு எண்ணிக்கை முக்கியம். ஐந்து குண்டுகள் ஒரே துளையில் விழுவது தற்செயலாகவும் நிகழக்கூடும். எனவே, ஒரு தொகுதியிலிருந்து பத்துப் பத்தாகப் பல சுற்றுகள் சுட்ட பிறகே அதன் தரம் முடிவு செய்யப்படுகிறது. எப்போதோ அமையும் மிகச் சிறிய வட்டத்தைவிட, எல்லாச் சுற்றுகளிலும் பெரிதாகாத வட்டமே போட்டிக்கு உகந்தது. பொருத்தமான தொகுதி கிடைத்தால், அது தீர்ந்துவிடும் முன் வீரர்கள் மொத்தமாக வாங்கி வைக்கின்றனர்.

இந்திய வீரர்களுக்கு உள்ள சவால்

இந்தியாவின் முன்னணி வீரர்கள் போட்டித் தோட்டாக்களுக்கு வெளிநாட்டு நிறுவனங்களையே சார்ந்துள்ளனர். சோதனைக்குத் துப்பாக்கியுடன் ஐரோப்பா செல்வதற்கு அனுமதிகளும் செலவும் தேவை. விமானத்தில் ஒரு பயணி பொதுவாக 5 கிலோ தோட்டாக்களை மட்டுமே, பதிவு செய்யப்பட்ட சரக்காக எடுத்துச் செல்ல முடியும். தேசிய அணியை எட்டாத இளம் வீரர்கள் பலர் கையில் கிடைக்கும் தொகுதியைக் கொண்டே பயிற்சி பெறுகின்றனர்.

நல்ல தொகுதி ஒருவரைச் சிறந்த வீரராக்கிவிடாது. ஆனால், 9.8 பதிவாகும்போது பிழை தம்முடையதா, தோட்டாவினுடையதா என்ற ஐயத்தை அது பெருமளவு நீக்குகிறது. சோதிக்கப்படாத தோட்டாவுடன் பயிலும் இளைஞர், தம்மிடம் இல்லாத குறையைத் திருத்த முயன்று சரியான நிலையையே மாற்றிவிடக் கூடும். அவர்கள் செலவின்றித் தொடங்கக்கூடிய ஒரு வழி உண்டு: பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள தொகுதி எண்ணை மதிப்பெண்ணுடன் சேர்த்துக் குறித்து வருவது.