கோடு பேசும், எண் பேசாது

சென்ற ஆண்டு நம் சங்கம் நடத்திய இலவச மருத்துவ முகாமில், குழந்தைகளின் உயரத்தை அளக்கச் சுவரில் ஒட்டியிருந்த நீல நிற ஸ்டிக்கர் அளவுகோலை அன்பர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். அதை வரைந்தவன் அடியேன். முகாம் நடந்துகொண்டிருக்கும்போதே அதைச் சுரண்டி எடுத்தவனும் அடியேன்தான். அந்தக் கதையைச் சொன்னால், ஸ்டிக்கர் கடைக்கு வரைபடம் கொண்டுபோகும் மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளக்காதே என்பது. பிரிண்ட் எடுத்த தாள் ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும். ஆகவே கோடு எப்படியிருந்தாலும் அதன் மேல் எழுதிய எண்தான் அளவு. பட்டறையில் ஃபிட்டரும் எண்ணைப் படித்துத்தான் இரும்பை வெட்டுவார். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தின் வழி இதற்கு நேர் எதிர். அதற்கு எண் படிக்கத் தெரியாது. கோப்பில் கோடு எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம்தான் கத்தி ஓடும். இந்த வித்தியாசம் என் மண்டையில் ஏற ஒரு அவமானம் தேவைப்பட்டது.

அளவுகோலை ஆட்டோகேடில் 1500 மில்லிமீட்டர் நீளத்துக்கு வரைந்தேன். பழக்க தோஷம், சுற்றிலும் ஒரு பார்டர், கீழே தலைப்புக் கட்டம், அதில் வரைந்தவர் பெயர், தேதி எல்லாம் போட்டேன். பார்டரோடு மொத்த நீளம் 1546 மி.மீ. ஆயிற்று. கடைப் பையன் தன் கணினியில் 1500 மி.மீ. பக்கம் திறந்து, என் படத்தை அதற்குள் அடக்கினான். பிறகு பார்டர் தேவையில்லை என்று நீக்கிவிட்டு வெட்டினான். "ஹோ கயா, அங்கிள்" என்று சிரித்தபடி சுருட்டிக் கொடுத்தான். படம் மொத்தமும் 97 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. உச்சியில் 150 என்று எழுதியிருந்தது. அது நின்றதோ 145.5 சென்டிமீட்டரில். எண்ணைப் பார்த்தேன், நம்பினேன், ஒட்டினேன்.

முகாமன்று காலை பதினொரு மணி இருக்கும். தொண்டர் ஒருவர் தம் பேத்தியை விளையாட்டாக அதில் நிறுத்தினார். போன வாரம் பள்ளியில் 112 சென்டிமீட்டர் என்றார்கள். இங்கே 115-ஐத் தாண்டியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரும்பு டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தேன். 100 என்ற கோடு 97-இல் நின்றது. அதற்குள் 23 குழந்தைகளை அளந்து அனுப்பிவிட்டோம்.

மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின்படி, மூன்று வயது நிறைந்த ஆண் குழந்தை 88.7 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியது என்று கணக்கு. எங்கள் பதிவேட்டில் அந்த வயதுச் சிறுவன் ஒருவனுக்கு 89.7 என்று எழுதியிருந்தது. அதை 0.97-ஆல் பெருக்கினால் 87. "பையன் சரியாக இருக்கிறான்" என்று சொல்லி அவன் தாயை அனுப்பியாகிவிட்டது.

கிடைத்த பாடங்களை இனி வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, அலகு. டி.எக்ஸ்.எஃப். கோப்பில் 1500 என்பது பெரும்பாலும் வெறும் எண்ணாகவே கடைக் கணினிக்குப் போய்ச் சேருகிறது. அங்குள்ள மென்பொருள் அதை அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் படம் 25.4 மடங்கு பெருத்துவிடும். அவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். ஆபத்து மூன்று சதவீதப் பிழையில்தான். எனவே பார்டரையும் தலைப்புக் கட்டத்தையும் நீக்கிவிட்டு, படத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் கொடுங்கள். பக்கத்துக்குள் அடக்க வேண்டாம் என்று வாயாலும் சொல்லுங்கள். படத்தின் ஓரத்தில், சரிபார்க்க மட்டும், நீளமான படமென்றால் 1000 மி.மீ. கோடு ஒன்று போடுங்கள். சிறிய 100 மி.மீ. கட்டத்தில் மூன்று சதவீதம் மூன்றே மி.மீ.; கண்ணுக்குத் தப்பிவிடும். 1000-இல் அது 30 மி.மீ.; தப்பாது.

இரண்டாவது, கோட்டின் தடிமன். திரையில் தடித்த கோடாகத் தெரிந்தாலும், கத்தி அதன் நடுவில் ஒரு கீறல் மட்டும் போடும், ஸ்டிக்கர் கிடைக்காது. அளவுகோலின் ஒவ்வொரு சிறு கோட்டையும் 2 மி.மீ. அகலச் செவ்வகமாக, நான்கு பக்கமும் மூடிய வடிவமாக வரைய வேண்டும். முனைகள் சேராமல் இடைவெளி இருந்தால், வேண்டாத வினைலை உரிக்கும்போது வேண்டியதும் சேர்ந்து வந்துவிடும்.

மூன்றாவது, இரட்டைக் கோடு. நகல் எடுக்கும்போது ஒன்றின் மேல் ஒன்றாகக் கோடு விழுந்திருந்தால் கத்தி அதே தடத்தில் இருமுறை ஓடி, வினைலோடு அடித்தாளையும் அறுத்துவிடும்.

நான்காவது, நம் தமிழ். வெளி மாநிலக் கடைகளில் தமிழ் எழுத்துரு இருக்குமென்று எதிர்பார்க்காதீர்கள். இல்லாவிட்டால் கட்டங்களாகத் தெரியும். அல்லது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. அப்படியே வெட்டிக் கொடுத்துவிடுவார். வீட்டிலேயே எழுத்துகளை வளைவுகளாக மாற்றி, ஒன்றோடொன்று மோதும் பகுதிகளை இணைத்துக் கொடுங்கள். மிகச் சிறிய எழுத்தும் வேண்டாம், சுழி உரிந்துவிடும்.

கடைசியாக, வெட்டி முடித்ததும் கடையிலேயே இரும்பு டேப்பால் அளந்து பாருங்கள். கோப்பு சரியாக இருந்தாலும், நீளமான வேலையில் வினைல் சுருள் உருளைகளுக்கிடையே வழுக்கினால் அளவு மாறும். தண்டவாளத்தை அளக்கும் முன் கேஜையே சரிபார்த்தவன் நான். ஒரு ஸ்டிக்கரைச் சரிபார்க்க மறந்தேன். ஆகவே கடைப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு அது ஒரு படம். அளவுகோல் என்று நானும் சொல்லவில்லை.

நிற்க. அன்று மீதி நேரம் சுவரில் இரும்பு டேப்பை ஒட்டியே அளந்தோம். மாலையில் டாக்டர் அம்மாவும் நானும் பதிவேட்டைத் திருத்தி, அந்தச் சிறுவனின் வீட்டைத் தேடிப் போனோம். கட்டட வேலைக்கு விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். "காலையில நல்லா இருக்கான்னுதானே ஐயா சொன்னீங்க?" என்று கேட்டார் அந்தத் தாய். தப்பு என்னுடையது என்றேன். ஒரு அளவை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, மாதாமாதம் எடையும் உயரமும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கி, பக்கத்து அங்கன்வாடியில் பெயர் எழுதவைத்தார்.

புதிய அளவுகோல் இப்போது சங்க நூலகச் சுவரில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஒரு ஆணியில் இரும்பு டேப் தொங்குகிறது. உங்கள் குழந்தையை நிறுத்துவதற்கு முன் 100-ஆம் கோட்டை ஒருமுறை அளந்து பாருங்கள். வரைந்தவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.