குஞ்சு பெருகினால் இலாபம் பெருகுமா?

சின்ன வெங்காயம் கொள்வனவு செய்யக் கடந்த மாதம் புத்தூருக்குப் போயிருந்தேன். நிலாவரைக் கிணற்றுப் பக்கம் தோட்டம் செய்யும் கமக்காரர் ஒருவர், "நானா, ஒரு தொட்டி கட்டித் திலாப்பியா விட்டால் என்ன? அது தன்பாட்டில பெருகுமாம்" என்று கேட்டார்.

"அண்ணை, அந்தப் பெருக்கம்தான் என்னைக் கவிழ்த்தது" என்றேன்.

திலாப்பியா ஆபிரிக்க மீன். மொசாம்பிக் திலாப்பியா 1952இலும் நைல் திலாப்பியா 1975இலும் இலங்கைக்கு வந்தன. இன்று எமது குளங்களின் மீன்பிடி பெரும்பாலும் இவற்றையே நம்பியிருக்கிறது.

ஆண் மீன் அடிமண்ணில் குழி தோண்டி இடம் பிடிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே வாயில் அள்ளிக்கொள்ளும். குஞ்சுகள் தாமாக நீந்தும்வரை, ஏறத்தாழ இரண்டு வாரம், தாய் சரியாக இரை தின்னாது. ஆபத்தென்றால் குஞ்சுகள் மீண்டும் அதன் வாய்க்குள் ஓடி ஒளியும். இத்தனை காவல் இருப்பதால் முட்டை குறைவானாலும் குஞ்சு பிழைத்துவிடும். நெருக்கமான குளத்தில் இரண்டு மூன்று மாதத்திலேயே இம்மீன் பருவத்துக்கு வந்துவிடும். பிறகு இரையெல்லாம் உடம்பில் சேராது. குஞ்சுப் பெருக்கத்துக்கே போய்விடும்.

புத்தளத்தில் இருந்த காலத்தில், மனைவியின் காப்பை விற்றுக் குளம் வெட்டினேன். மலிவென்று ஆண் பெண் கலந்த குஞ்சுகளை வாங்கி விட்டேன். ஆறு மாதத்தில் குளம் நிறைய மீன்; ஒன்றாவது கைவிரல் நீளத்தைத் தாண்டவில்லை. சந்தையில் எவரும் விலை கேட்கவில்லை. தீன் வாங்கிய கடனே மிஞ்சியது.

தொழிலறிந்தவர்கள் ஆண் குஞ்சுகளை மட்டுமே விடுவார்கள். முட்டை சுமக்கும் வேலை இல்லாததால் ஆண்மீன் விரைவாக வளரும். இம்மீன் உவர்நீரையும் தாங்கும் என்பதால் யாழ்ப்பாணத்து உவர்க் கிணறு பெரிய தடையல்ல. ஆனால் மாரியில் தொட்டி வழிந்து மீன் கடல்நீரேரிக்குப் போகாமல் பார்க்க வேண்டும். அங்கே அது மற்ற மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடல் மீனுக்குப் பழகிய ஊரில் குளத்து மீனை வாங்குவது யார் என்று முதலில் அறிய வேண்டும்.

வியாபாரிகளே, கடையில் சரக்கு நிறைவது வேறு, முதல் வளர்வது வேறு. எண்ணிக்கையைக் கண்டு மயங்கினால் என் குளத்தின் கதிதான்.

கமக்காரர் வெங்காய மூட்டையைத் தராசில் வைத்தபடி சொன்னார்: "அப்ப முதலில சந்தையில விசாரிச்சுப் பார்க்கிறன் நானா. தொட்டி பிறகு கட்டலாம்."