வெளுத்ததெல்லாம் பாலா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தென்மேற்கே சிறிது தூரம் சென்றால் ராஜபாளையம். அவ்வூர் நாயை வர்ணத்தைக் கொண்டே அறியலாம் என்பார்கள். பால் வெண்மை, ரோஜா நிற மூக்கு, பொன்னிறக் கண்கள் ஆகிய மூன்றும் அதன் லட்சணங்கள். கரிய உடலும் செம்பழுப்புக் கால்களுமானால் அது கன்னி. செம்மேனியும் கருமூஞ்சியுமானால் கோம்பை. 2005-ம் வருஷம் தபால் இலாகா நமது தேசத்து நாய் ஜாதிகள் நான்கிற்குத் தபால் தலை வெளியிட்டது. அவற்றுள் ராஜபாளையமும் ஒன்று.

ஆனால் வெள்ளை மோகத்துக்கு ஒரு விலை உண்டு. ராஜபாளையத்து நாயின் ஈற்றிலும் கறுப்பு, பழுப்பு, புள்ளிக் குட்டிகள் பிறப்பதுண்டு. முற்காலத்தில் அவற்றைக் கொன்றுவிடும் கொடிய வழக்கம் இருந்தது. காப்பாற்றப்பட்ட வெண்குட்டிகளிலோ சில செவிடாகப் போகின்றன. மேனிக்கு நிறம் ஊட்டும் அதே வகை உயிரணுக்கள் உட்செவிக்கும் தேவை. அங்கே அவை இல்லாவிடில் கேட்கும் சக்தி அழிகிறது.

ஆகவே குட்டி வாங்கும் நேயர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: கண்ணையும் மூக்கையும் பார்த்த பிறகு, அதன் பார்வையில் படாமல் பின்னே சற்றுத் தள்ளி நின்று கை தட்டிப் பாருங்கள். திரும்பிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். புள்ளி விழுந்த குட்டியையும் ஒதுக்காதீர்கள். அதுவும் அதே தாயின் பிள்ளைதானே! வெளுத்ததெல்லாம் பாலென்று நம்பி ஏமாந்தவர்கள் நாம். நாய் விஷயத்திலாவது விழித்துக்கொள்வோமாக!