தெளிஞ்ச தண்ணி எல்லாம் நல்ல தண்ணியா? ஆம்பூர் பக்கத்துப் பழைய கிணறுகள் பற்றி

இன்னிக்கு எடுத்துக்கிற கேள்வி இது: "ஊர்ல பூர்வீக நிலம் இருக்கு, பழைய கிணறு இருக்கு, மோட்டார் போட்டா தண்ணி கலங்கலா வருது. என்ன பண்றது?" வேற ஊரா இருந்தா பத்து நிமிஷத்துல பதில் சொல்லி முடிச்சிடலாம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம்னா அந்தப் பதில் பாதிதான். மீதிப் பாதிக்காகத்தான் இந்த எபிசோட்.

முதல் பாதியை முடிச்சிடுறேன். ஒரு கண்ணாடி பாட்டில்ல கிணத்துத் தண்ணியைப் பிடிச்சு ஜன்னல் ஓரமா வைங்க. பால் மாதிரி வெள்ளையா இருந்து, ரெண்டு நிமிஷத்துல அடியில இருந்து மேல தெளிஞ்சுட்டே வந்தா அது வெறும் காத்துக் குமிழி. ராத்திரி முழுக்க வெச்சு, காலையில அடியில வண்டல் தங்கியிருந்தா மண்ணு. பிடிக்கும்போது தெளிவா இருந்துட்டு, நிக்க நிக்க செம்பழுப்பா மாறினா இரும்புச்சத்து. மறுநாளும் தெளியலைன்னா ரொம்ப நைஸான களிமண்ணா இருக்கலாம். பச்சையா இருந்தா பாசி, அதுக்கு பாட்டிலே வேண்டாம்.

மண்ணுதான்னா காரணம் பெரும்பாலும் கிணத்துலயேதான் இருக்கும். கைப்பிடிச் சுவர் இடிஞ்சு மழைத்தண்ணி நேரா உள்ள இறங்கும். பக்கக் கல்லு பெயர்ந்திருக்கும். இல்லைன்னா ஃபுட் வால்வு தரையை ஒட்டிக் கிடந்து சேத்தை உறிஞ்சும், அதைக் கொஞ்சம் மேல தூக்கிக் கட்டினாலே பாதி கலங்கல் போயிடும். வருஷக்கணக்கா மூடிக் கிடந்த கிணறுன்னா தூர் வாரணும். ஆனா ஒண்ணு, யூடியூப் பார்த்துட்டு நீங்களே இறங்காதீங்க. பழைய கிணத்துக்குள்ள ஆக்சிஜன் இல்லாம இருக்கலாம். முதல்ல இறங்கினவர் மயங்கி விழ, காப்பாத்தப் போனவரும் அங்கேயே சாகிற செய்தி அடிக்கடி வருது.

தெளிய வைக்க படிகாரக் கட்டியை நாலஞ்சு சுத்து சுத்தலாம். எங்க அத்தை தேத்தாங்கொட்டை கட்சி. மண்பானையோட உள்பக்கம் அந்தக் கொட்டையை உரசி, தண்ணி ஊத்தி வெச்சா, காலையில கண்ணாடி மாதிரி இருக்கும். அப்புறம்தான் குளோரின். கலங்கின தண்ணியில பிளீச்சிங் பவுடர் போட்டா, கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரினை அந்த அழுக்கே தின்னுடும். தெளிஞ்ச தண்ணின்னா 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பவுடர். மூணு மீட்டர் அகலக் கிணத்துல நாலு மீட்டர் தண்ணி நின்னா ஏறக்குறைய 28,000 லிட்டர், அதாவது 70 கிராம். கரைச்சு ஊத்திக் கலக்கி, ஒரு மணி நேரமாவது விடணும்.

சரி, இப்போ மறு பாதி. அத்தை வீடு ஆம்பூருக்கு வெளியே, பாலாத்துப் பக்கம். ரொம்ப வருஷமா மூடிக் கிடந்த கிணத்தை ஆள் வெச்சுத் தூர் வாரி, தேத்தாங்கொட்டையும் உரசி வெச்சாங்க. தண்ணி பளிச்சுன்னு வந்துச்சு. "இனிமே கேன் வாங்க வேண்டாம்டா"ன்னு சந்தோஷமாச் சொன்னாங்க. நான் ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன், கரிச்சது. டிடிஎஸ் மீட்டரை விட்டா 2,000-த்தைத் தாண்டிடுச்சு. இந்தியத் தர அளவுப்படி குடிதண்ணியில கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் இருக்கணும். வேற தண்ணியே இல்லைன்னா 2,000 வரைக்கும் விடலாம். அத்தைக்கு பி.பி. வேற இருக்கு.

தமிழ்ல 'நல்ல தண்ணி'க்கு எதிர்ச்சொல் 'உப்புத் தண்ணி'தான், 'கலங்கல் தண்ணி' இல்ல. நம்ம ஆளுங்க கண்ணை நம்பாம நாக்கை நம்பியிருக்காங்க. கலங்கல்ங்கிறது தண்ணியில மிதக்கிற துகள், அதை உட்கார வைக்கலாம், வடிகட்டலாம். உப்பு கரைஞ்சு போன விஷயம். துணியில வடிகட்டினாலும் படிகாரம் போட்டாலும் போகாது. கொதிக்க வெச்சா தண்ணி ஆவியாகி, உப்பு இன்னும் கெட்டியாகும்.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது? பாறைக் கிணத்துல இயற்கையாவே கொஞ்சம் உப்பு இருக்கலாம். ஆனா இந்தப் பகுதியில இன்னொரு கணக்கும் உண்டு. பச்சைத் தோல் அழுகாம இருக்க அதோட எடையில மூணுல ஒரு பங்கு, சில சமயம் அதுக்கும் மேல, உப்பு போடுவாங்க. டேனரியில முதல் வேலையே தோலை ஊறவெச்சு அந்த உப்பைக் கழுவி வெளியேத்துறது. குரோமியம் அதுக்கு அப்புறம் வர்றது. சுத்திகரிப்பு நிலையத்துல குரோமியத்தைப் பெரும்பாலும் சகதியா பிரிச்சு எடுத்துடலாம். உப்பு வழக்கமான சுத்திகரிப்புல நிக்காது, அதுக்கு ஆர்ஓவும் ஆவியாக்குற எந்திரமும் வேணும். அதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி பல வருஷமா கழிவு நிலத்துலயும் பாலாத்து மணல்லயும் இறங்கிச்சு. பாலாத்துல மேல தண்ணி ஓடுறது அபூர்வம், மணலுக்கு அடியில ஊறுறதுதான் ரெண்டு கரைக் கிணத்துக்கும் உயிர். அதனால ஆத்துல கலந்தது கிணத்துக்கு வர ரொம்ப தூரம் இல்ல.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல உச்ச நீதிமன்றம் போனது இதுக்காகத்தான். 1996 ஆகஸ்ட் 28-ல நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு கொடுத்துச்சு. டேனரி பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு ஆகாமப் போச்சுங்கிற ஆய்வுக் கணக்கு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. மாசு பண்ணினவரே செலவை ஏத்துக்கணும்ங்கிற கொள்கையை இந்தியச் சட்டத்தோட பகுதின்னு சொன்ன தீர்ப்பும் இதுதான். சட்டம் படிக்கிற உங்க ஃப்ரெண்டைக் கேளுங்க, வேலூர்னா இந்த வழக்குதான் ஞாபகம் வரும். இழப்பீடு சரியாப் போய்ச் சேரலைன்னு திரும்ப உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2025 ஜனவரி 30-ல நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவுல 28 வருஷம். கிணறு வெச்சிருந்த ஒரு தலைமுறையே போயிருக்கும்.

டேனரியை மூடிட்டா போதும்னு சென்னையில உட்கார்ந்து ஈஸியாச் சொல்லிடலாம். அத்தை பையனுக்குச் சம்பளம் ஷூ கம்பெனியில இருந்துதான் வருது. மூடினாலும் நிலத்தடியில இறங்கின உப்பு மறுநாள் காணாமப் போகப் போறதில்ல.

இப்போ அந்தக் கிணத்துத் தண்ணி பாத்திரம் கழுவ, பாத்ரூமுக்கு மட்டும். குடிக்கிறதுக்குக் காவிரி கூட்டுக் குடிநீர் குழாய், அது வராத நாள்ல கேன். வீட்டுக்கு ஆர்ஓ வாங்கலாமான்னு கேட்டாங்க. சாதாரண வீட்டு மெஷின் பலது 2,000 டிடிஎஸ் வரைக்கும்தான் தாங்கும். அது வெளியே தள்ளுற இன்னும் கரிக்கிற தண்ணி அத்தையோட தென்னை மரத்துக்குத்தான் போகும். யுவி மெஷின் கிருமிக்கு மட்டும்தான், உப்பைத் தொடவே தொடாது.

டிடிஎஸ் மீட்டரை நம்பியும் முடிவெடுக்காதீங்க. அது மொத்த உப்பைத்தான் காட்டும். குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு வெறும் 0.05 மில்லிகிராம், அந்த அளவு மீட்டர்ல தெரியவே தெரியாது. கிருமியும் தெரியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துல ஆய்வுக்கூடம் இருக்கு. 2019-க்கு அப்புறம் வேலூர் மூணா பிரிஞ்சதால ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துல வருது, விசாரிச்சுட்டுக் கிளம்புங்க. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கேனை அதே தண்ணியில மூணு தடவை அலசிட்டுப் பிடிங்க. கிருமிச் சோதனைக்கு மட்டும் அவங்க கொடுக்கிற சுத்தமான பாட்டில்தான், அதை அலசக் கூடாது. கொடுக்கும்போது "குரோமியமும் பார்க்கணும்"னு தனியாச் சொல்லுங்க. வழக்கமான பட்டியல்ல அது இல்லாமலும் போகலாம்.