கார்னிவல் கண்ணாடி

கார்னிவல் கண்ணாடி என்பது, அச்சில் அழுத்தி வார்த்த கண்ணாடியின் மீது, அது சூடாக இருக்கும்போதே உலோக உப்புக் கரைசலைத் தெளித்து வானவில் போன்ற பளபளப்பு ஏற்றிய கண்ணாடிப் பொருளாகும். ஐக்கிய அமெரிக்காவின் ஃபென்டன் நிறுவனம் 1908 ஆம் ஆண்டளவில் இதனைத் தயாரிக்கத் தொடங்கியது. கேளிக்கைச் சந்தைகளில் பரிசாக வழங்கப்பட்டதாகக் கருதப்பட்டதால் பிற்காலத்தில் இப்பெயர் பெற்றது.

இந்தியாவில்

உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் நகரிலிருந்த ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலை இவ்வகைக் குவளைகளையும் பூச்சாடிகளையும் செய்தது. மீன், யானை, கை ஆகிய வடிவங்களில் அமைந்த பூச்சாடிகள் குறிப்பிடத்தக்கவை. சிலவற்றில் 'ஜெயின்' என்னும் பெயர் ஆங்கில எழுத்துகளில் அச்சு வார்ப்பாகவே காணப்படும்.

அடையாளம் காணல்

நன்கொடையாகப் பெறப்படும் நிறக் கண்ணாடியை மேற்பரப்பின் மினுக்கத்தைக் கொண்டு மட்டும் வகைப்படுத்தக் கூடாது. பூச்சு இல்லாத அடிப்பகுதியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் தெரியும் நிறமே கண்ணாடியின் உண்மையான நிறம். செம்மஞ்சளாகத் தோன்றும் 'மேரிகோல்டு' வகை பெரும்பாலும் நிறமற்ற கண்ணாடியே. நீள்வட்டத்துள் ஃபென்டன் பெயர் வார்க்கப்பட்டிருந்தால், அப்பொருள் 1970 அல்லது அதற்குப் பிற்பட்டது. தொடக்க காலப் பொருள்களில் இக்குறி இல்லை.

மதிப்பிடல்

அடிப்படை நிறம், வடிவத்தின் அருமை, பளபளப்பின் நிலை, விரிசல் ஆகியவை விலையைத் தீர்மானிக்கின்றன. சிவப்பு நிறக் கண்ணாடி அரிது. மேரிகோல்டு மிகுதியாகக் கிடைப்பது. அமிலமோ சொரசொரப்பான தூளோ கொண்டு தேய்த்தால் பளபளப்பு அழிந்து மதிப்புக் குறையும். ஆகவே, மதிப்பிடும் முன்னர் இவற்றால் துலக்குதல் கூடாது.