கோடி போகும் ஏரியில் மீன் ஏறும் காலம்

ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டும் இரவில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இரண்டு விதமானவர்கள் தூங்காமல் இருப்பார்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிடுமோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு பக்கம். ஏரி எப்போது நிரம்பி வழிந்து கோடி போகும் என்று, உபரிநீர் வழியும் கலங்கலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு பக்கம். இவர்களுக்கு மழை என்றால் மீன் ஏறும் காலம்.

சால்மன் மீன் கடலிலிருந்து ஆறு ஏறும் பருவத்தில் அலாஸ்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் தூண்டில்காரர்களை அழைத்துப்போக வழிகாட்டிகள் இருக்கிறார்கள். எந்த மடுவில் மீன் இளைப்பாறும், தண்ணீர் எந்த நிறத்துக்கு வந்தால் தூண்டிலைக் கடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நம் மேற்குப் புறநகரில் அந்தப் பெயரில் யாரும் தொழில் செய்வதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வரும் ஐடி ஊழியர்களுக்கும் பள்ளிக்கூடப் பையன்களுக்கும் "அங்க உக்காராத தம்பி, இங்க வா" என்று இடம் காட்டும் ஏரிக்கரைக்காரர்கள் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவர்களோடு கரையில் நின்றால் உயிரியல் பாடத்தில் பாதியை நேரிலேயே படித்துவிடலாம்.

ஆவடியை ஒட்டிய ஏரி ஒன்றில் வலை வீசிப் பிழைக்கிறார் ஒரு பெரியவர். மழைக்காலத்தில் விடியுமுன்பே எழுந்து நேராக வரத்துக் கால்வாய்க்குத்தான் போவார். தண்ணீரில் காலை வைத்து, முந்தின நாளைவிடச் சில்லென்று இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு கை அள்ளி, செம்மண் எவ்வளவு கரைந்து வருகிறது என்று பார்ப்பார். வெளிச்சம் வந்ததும் கலங்கல். கொக்கும் மடையானும் எந்த மூலையில் கூடியிருக்கின்றன என்பதுதான் அங்கே அவருக்குக் கணக்கு. "கொக்கு சும்மா நிக்காது தம்பி. அது நிக்கிற எடத்துல கெண்டப்பொடி ஏறுதுன்னு அர்த்தம். கெண்ட ஏறுனா பின்னாடியே வெரால் வரும்" என்பார்.

வெயில் ஏறியதும் பிடித்ததைச் சாலையோரத்தில் கூறு கட்டி விற்றுவிட்டு, வலையைக் கழுவி உலர்த்திக் கிழிசலைப் பொத்துவார். இருட்டினால் மறுபடி கரைக்கு வந்துவிடுவார், கெளுத்தி நடமாடும் நேரம் அதுதான். பையன்களுக்கு மண்புழு கோக்கச் சொல்லிக்கொடுப்பதும், முள் குத்தாமல் கெளுத்தியைத் தூண்டிலிலிருந்து கழற்றக் காட்டுவதும் அப்போதுதான். அடிவயிற்றுப் பக்கமாகக் கையைக் கொடுத்து, இரண்டு பக்க முள்ளையும் விரலிடுக்கில் அடக்கிவிட வேண்டும். முதுகு முள் மேலே நின்றுவிடும், கையில் படாது.

அவர் காலால் பார்க்கிற அந்தக் குளிர்ச்சி மீனுக்கும் ஒரு செய்தி. கோடை முழுக்க மீனுக்குள் சினை முதிர்ந்துகொண்டே வரும், முட்டையிடும் கடைசிக் கட்டம் மட்டும் நிற்கும். மழையால் நீரின் வெப்பம் தணிந்து, கரைந்திருந்த உப்பு நீர்த்து, ஓட்டமும் எடுத்த பிறகுதான் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி முழு வேகத்தில் ஹார்மோனை விடும். ரோகு, கட்லா, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் இதில் ஒரே பிடிவாதம். குட்டையில் எவ்வளவு தீனி போட்டு வளர்த்தாலும் சினை முற்றுமே தவிர முட்டை இடாது. மீன் வளர்க்க வேண்டுமென்றால் ஆற்று வெள்ளத்தில் குஞ்சு வாரி வரவேண்டிய நிலை வெகுகாலம் இருந்தது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் மீன்வள அறிவியலாளர் ஹீராலால் சௌத்ரி, வேறு மீன்களிலிருந்து எடுத்த பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டையை முட்டையிட வைத்தார். மழை செய்கிற வேலையை ஊசி செய்தது. அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

சரி, முட்டையிட ஏன் எதிர்நீச்சல் போட வேண்டும்? காய்ந்து கிடந்த ஏரியின் மேல்பகுதியும் வயல்களும் புதுத்தண்ணீரில் முழுகும்போது, கோடையில் மடிந்த புல்லும் சாணமும் மட்கிக் கரைகின்றன. சில நாட்களில் அந்த ஆழமில்லாத நீரில் நுண்பாசியும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும் பெருகிவிடும். பொரித்த குஞ்சுக்கு வாயருகிலேயே சாப்பாடு, பெரிய மீன் துரத்தி வர முடியாத ஆழம். ஆனால் கலங்கலடியில் துள்ளுவதெல்லாம் முட்டையிட வந்த மீன் என்று நினைத்துவிடக் கூடாது. வழிந்த நீரோடு ஏரியிலிருந்து அடித்து வரப்பட்டு, திரும்பிப் போகத் தவிப்பவையும் அதில் நிறைய.

மீன் வழி தேடுவதில் வாசனைக்கும் பெரிய பங்கு. சால்மன் தான் பிறந்த ஓடையின் வாசனையை நினைவில் வைத்துத் திரும்புகிறது என்பதை அமெரிக்காவின் ஆர்தர் ஹாஸ்லர் நிறுவினார். குஞ்சுகளை மார்ஃபோலின் என்ற வேதிப்பொருள் கலந்த நீரில் பழக்கி மிஷிகன் ஏரியில் விட்டார். வளர்ந்த பின் அதே பொருளைச் சொட்டவிட்ட ஓடையைத் தேடி அவை வந்தன. முதல் மழையில் நம் மூக்கில் ஏறுகிற மண்வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின், மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் சுரப்பது. கடலில் பிறந்து ஆறு ஏறும் ஐரோப்பிய விலாங்குக் குஞ்சுகள் இந்த ஜியோஸ்மினை நாடிப் போவதை இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் விலாங்கும் கடலுக்குப் போய்த்தான் முட்டையிடுகிறது. மற்ற மீன்கள் மேலே ஏறுகிற வெள்ளத்தில் முதிர்ந்த விலாங்கு கீழே இறங்கும்.

தண்ணீர் இல்லாத இடத்திலும் பயணம் போகிற மீன் பனையேறி கெண்டை. 1791 நவம்பரில் தரங்கம்பாடியில், நீருக்கு மேல் ஐந்தடி உயரத்தில் ஒரு பனைமரத்தின் பட்டை இடுக்கிலிருந்து இதை எடுத்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797-இல் வெளியிட்டது. காக்கையோ பருந்தோ கொத்திவந்து போட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். மரமேறும் கதை எப்படியோ, ஈரத் தரையில் இந்த மீன் நகர்வது நிஜம். செவுள் மூடியை விரித்து, அதன் ஓரத்து முட்களைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி உந்திப் போகும். செவுளுக்கு மேலே உள்ள அறையில் வாழைப்பூ மடல்போல அடுக்கடுக்காக மெல்லிய எலும்புத் தகடுகள். அவற்றின் மேல் படர்ந்த ரத்த நாளங்கள் காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். நீரின் மேல்மட்டத்துக்கு வர விடாமல் தடுத்தால் இந்த மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். விராலும் இப்படித்தான்.

விரால் குஞ்சு வளர்க்கிற அழகைத் தனியாகச் சொல்ல வேண்டும். கரையோரச் செடிகளை விலக்கி வட்டமாக இடம் பண்ணி மிதக்கும் முட்டைகளை இடும், தாயும் தகப்பனும் காவல் இருக்கும். குஞ்சுகள் செம்மஞ்சள் திட்டாக மேலே வந்து மூச்செடுத்து உள்ளே போகும். அந்தத் திட்டைக் கண்டால் பெரியவர் அந்தப் பக்கம் யாரையும் தூண்டில் போட விடமாட்டார். "தாயப் புடிச்சிட்டா இத்தனை குஞ்சும் இன்னிக்கே கெளுத்தி வாய்ல போய்டும்."

அவர் கவலையெல்லாம் வேறு. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, அங்கிருந்து ரெட்டேரிக்கு என்று சங்கிலியாக அமைந்த ஏரிகள் இவை. நீர் இறங்கும் அதே வழிதான் மீன் ஏறும் வழி. இன்று அந்தக் கால்வாய்களில் கழிவுநீர் ஓடுகிறது, ஆக்சிஜன் குறைந்த அந்த நீரைத் தாண்டி ஏறுவது காற்றைச் சுவாசிக்கத் தெரிந்த மீனும், 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி கெண்டை போன்ற எதையும் தாங்கும் மீனும்தான். வளர்க்கத் தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இதே வழியில் பரவி, குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. பழைய கலங்கலில் சரிந்து கிடந்த கல்லிடுக்குகளில் ஒதுங்கி ஒதுங்கி ஏறிய சிறு மீன், வழுவழுப்பான கான்கிரீட் சுவரின் முன் தோற்றுப்போகிறது. அங்கே முட்டி நிற்கும் சினை மீனை முழு அகலத்துக்கும் வலை கட்டி வாரிவிடுகிறார்கள்.

கேரளத்தில் இப்படிப் புதுமழையில் ஏறும் சினை மீனைப் பிடிப்பதை 2010-ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது. நம் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் ஓய்வு கொடுத்துப் பழகியவர்கள் நாம். ஏரியைக் குத்தகைக்கு விடும்போதே, முதல் புதுத்தண்ணீர் வரும் சில இரவுகளுக்குக் கலங்கலடியில் வலை கட்டக் கூடாது என்று எழுதிவிடலாம். கலங்கலைப் புதுப்பிக்கும் பொறியாளர்கள் ஓர் ஓரத்திலாவது கரடுமுரடான கல் சரிவை விட்டுவைக்கலாம். சால்மன் ஆறுகளில் மீன் ஏணி கட்டுகிறார்களே, அதன் எளிய வடிவம் இது. புரட்டாசிக்குள் முடித்துவிடக்கூடிய வேலை.